சித்தப்பா சொன்ன கிளைமாக்ஸ்

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.35க்குப் பால் வந்தது. மாதா கோயிலில் 6.30 பூசைக்குப் போனேன். திரும்பும் வழியில் அரைக் கிலோ கறி, ஒரு கட்டு கொத்தமல்லி. 9.15க்குத் துணியை ஊறவைத்தேன். 10.40க்கு மின்சாரம் போய் 11.05க்கு வந்தது. வானம் விடிந்ததிலிருந்தே மூடிக்கிடந்தது, ஆனால் மழை இல்லை. 12.50க்குச் சாப்பிட்டேன். அதுவரை எல்லா ஞாயிறும் போல்தான். 1.20க்குப் பிறகு எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

காரணம் நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுதான். இதைப் படிக்கப்போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளாக அந்தப் புதுப் படத்தைப் பற்றியே சண்டை. நாம் ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுக்குக் கீழே வைத்துப் படித்த படக்கதையின் அதே இரும்பு முகமூடிக்காரன், இப்போது பெரிய செலவில் மறுபடி வந்திருக்கிறான். ஆனையூரில் டியூஷன் சென்டர் நடத்துகிற நண்பர் மூன்று தடவை பார்த்துவிட்டார். வழக்கு முடிய இருபது வருஷம் ஆகிறது, அவன் இருபது நிமிஷத்தில் முடிக்கிறான், அதில் என்ன தப்பு என்பது அவர் வாதம். நர்ஸாக இருக்கிற தோழி, செத்தவர்களை எண்ணிக்கொண்டே வந்து நாற்பத்தொன்றில் விட்டுவிட்டதாக எழுதினாள். அத்தனை பேரில் ஒருவனுக்காவது கட்டுப்போட ஓர் ஆள் வந்தானா என்று கேட்டாள். அவர் பதிலுக்கு, "நீ படம் பாக்கப் போனியா, டூட்டி பாக்கப் போனியா?" என்றார். அதற்குப் பதினெட்டு பேர் சிரித்திருந்தீர்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "கோயில் போர்டுல படத்துக்குக் கருத்து எழுதுனது உங்கப்பாதானே. நீ மட்டும் ஏன் வாயத் திறக்க மாட்டேங்குற?" என்று கேட்டு, அதற்குக் கீழே நம் காலத்தில் வந்த பழைய படத்தின் இணைப்பையும் போட்டார். யாரோ முழுப் படத்தையும் ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் சொல்கிறேன் என்று பதில் போட்டுவிட்டு, 1.20க்கு அதைத் தொட்டேன். சொல்கிறேன் என்றது இதைத்தான்.

அந்தப் போர்டு உங்களில் பாதிப் பேருக்காவது நினைவிருக்கும். கோயில் கேட்டைத் தாண்டியதும் வலதுகைப் பக்கத் தூணில், நாலடிக்கு மூன்றடி. மேல் பாதியில் பூசை நேரம், கீழ்ப் பாதியில் திரைப்படக் கருத்து. எல்லாரும் பார்க்கலாம், பெரியவர்கள் மட்டும், தவிர்க்கவும் என்று மூன்றே தீர்ப்புகள். அதற்குக் கீழே காரணம் ஒரு வரி. மூன்று பேர் கொண்ட குழு என்று பெயர். உண்மையில் மிஷன் பள்ளி ஆசிரியரான அப்பா ஒருவர்தான். படத்தில் பெயர் போடுவதிலிருந்து வணக்கம் போடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், பாதியில் எழுந்தவர் கருத்து எழுதக்கூடாது என்பது அவரே போட்ட விதி. சனிக்கிழமை மேட்னி பார்த்துவிட்டு வந்து அவர் சொல்ல, ஸ்டூலில் ஏறி நின்று சாக்பீஸால் எழுதுகிறவள் நான். என் கையெழுத்து அப்போதே அச்சுப் போலிருக்கும்.

"தவிர்க்கவும்" என்று எழுதிய படத்துக்கு நம் பங்கு ஆட்கள் காளவாசல் பக்கத்துத் தியேட்டரில் தலை காட்ட மாட்டார்கள். பஸ் ஏறி உசிலம்பட்டிக்குப் போவார்கள். ஒரு தடவை உபதேசியார் அங்கே இடைவேளையில் முறுக்கு வாங்கத் திரும்பியபோது, பின்னால் பாட்டுக் குழுவின் தலைவர் நின்றாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரியே திரும்பிவந்து, மறுநாள் பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் பிளெக்ஸ் பேனர் தொங்குகிறது. போர்டு எங்கே போனதென்று சென்ற வருடம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

படக்கதைப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மிடம் இருந்தது ஒரே பிரதி, அதற்கும் அட்டை கிடையாது. முப்பத்தெட்டு பேர் படித்து, ஓரமெல்லாம் எண்ணெயும் புளிச்சோற்று மஞ்சளும் ஏறியிருக்கும். அதில் முகமூடிக்காரன் ஒருவனையும் கொல்ல மாட்டான். கயிற்றால் விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போவான், போலீஸ் வந்து அவிழ்க்கும். அந்தக் காலத்துப் படத்தில் வெட்டினான். தங்கையைக் கொளுத்திய அவள் புருஷனையும் அவனுடைய ஆட்களையும் ஒவ்வொருவராகத் தேடிப்போய் வெட்டுகிற அண்ணன் கதையாக அதை மாற்றியிருந்தார்கள். நம் பையன்களுக்கு அதில் வருத்தமே இல்லை. புத்தகத்து முகமூடி மூக்கை மறைக்கும், படத்தின் போஸ்டரில் மூக்கு வெளியே தெரிகிறது, அது மட்டும்தான் அவர்கள் குறை. பிஸ்கட் டின்னை வெட்டிச் சரியான முகமூடி செய்யப் போய் இரண்டு பேர் கையைக் கிழித்துக்கொண்டார்கள்.

அந்தப் படம் வந்தது நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த செப்டம்பரில். அதே வருடம் ஏப்ரலில் என் அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை, திருவாதவூரில் இறந்திருந்தார்.

ஸ்டவ் வெடித்தது என்றார்கள். அத்தையைக் கட்டிக்கொடுத்தது நிலபுலன் உள்ள வீடு. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சந்தேகம் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனில் பிறந்த வீட்டுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூத்தவர் என்று அப்பா கையெழுத்துப் போட்டார். குழந்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. அப்போது எனக்குத் தெரிந்தது, வீட்டில் அத்தை பெயரை யாரும் எடுப்பதில்லை, சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, இவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. காளவாசலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். சட்டையில் எப்போதும் இரும்புத் தூள் வாசனை வரும்.

இனி நான் எழுதுவதெல்லாம் என் ஐந்தாம் வகுப்பு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது. இன்று மாலை 4.05க்கு அதை பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தேன். தினமும் நடந்ததை எழுதும் பழக்கம் அப்பா ஏற்படுத்தியது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நேரம் போட வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. திங்கட்கிழமை மாலை வாங்கிப் பார்த்துச் சிவப்பு மையில் 'சரி' போடுவார்.

படம் வந்த முதல் சனிக்கிழமை அப்பா மேட்னிக்குப் போனார். 5.45க்குத்தான் திரும்ப வேண்டும். நோட்டில் 4.15 என்றிருக்கிறது. தலைவலி என்று சொல்லி, கால்கூடக் கழுவாமல் படுத்துவிட்டார். 5.30க்கு எழுந்து என்னைப் போர்டுக்குக் கூட்டிப்போனார். "தவிர்க்கவும். பழிவாங்குவதைப் புகழ்கிறது" என்று சொன்னார். நான் ஸ்டூலில் நின்றபடி, "முழுசும் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"எழுது" என்றார்.

எழுதினேன். விதி என்று ஒன்று இருக்கிறதே என்று அன்றைக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவ்வளவுதான், மறந்துபோனேன்.

சித்தப்பா அந்தப் படத்தை ஏழு முறை பார்த்தார். டிக்கெட்டின் பாதித் துண்டுகளைப் பின்னறைக் கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாகச் செருகியிருந்தார். உசிலம்பட்டிக்கெல்லாம் போகவில்லை. காளவாசலிலேயே, எல்லாரும் பார்க்கப் பார்த்தார். ஞாயிறு பூசை முடிந்து போர்டுக்கு முன்னால் நின்ற ஆட்களிடம், அவன் செய்வது சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன் என்று உரக்கச் சொன்னார். உபதேசியார் சிரித்து மழுப்பினார். மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டில் அது வெடித்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து மூளை கெட்டுவிட்டது, அது வெறும் சினிமா என்று அப்பா சொன்னார்.

"ஆமாண்ணே, சினிமாதான்" என்றார் சித்தப்பா. "சினிமால அண்ணன் கையெழுத்துப் போட மாட்டான்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார். அம்மா தட்டை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை, தொட்டபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோட்டில், 'அப்பா ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அந்தப் பக்கம் முழுவதையும் அப்படியே தருகிறேன். '2.15. சித்தப்பா விறகுக் கொட்டகையிலிருந்து அரிவாளை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றினார். சைக்கிளில் கட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். பட்டறைக்கு என்றார். பட்டறை இருப்பது இடதுபக்கம். அவர் வலதுபக்கம் போனார். 6.50. வந்தார். அரிவாள் இருந்தது. தாள் பிரிக்கவில்லை. சாப்பிடவில்லை.'

மறுநாள் ஞாயிறு மாலை, பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நினைவிருக்கிறதா? நீங்கள் ஒன்பது பேர் இருந்தீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். 'தவிர்க்கவும்' போட்டதால் அந்தப் படத்தைப் பார்க்கவே முடியாத பிள்ளைகள் நாம். கிளைமாக்ஸ் சொல்கிறேன் என்றார்.

முந்தைய கொலைகளுக்கெல்லாம் சுவர் ஏறிக் குதித்த முகமூடிக்காரன், கடைசி ஆளைத் தேடிப்போகும்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போகிறான். புறவாசலில் அடிகுழாய். கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகியிருக்கிறார்கள். தங்கை புருஷன் அங்கே உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிறான். துவைகல்லில் குழந்தையின் மஞ்சள் கவுன் கிடக்கிறது, கழுத்தைச் சுற்றி மீன்முள் தையல். சோப்பு கண்ணில் பட்டு அது அழுகிறது. அந்த ஆளுக்கு ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையெல்லாம் நுரை. அவன் நிமிர்ந்து முகமூடிக்காரனைப் பார்க்கிறான், அரிவாளையும் பார்க்கிறான். ஓடவில்லை, கும்பிடவில்லை. 'கொஞ்சம் தண்ணிய ஊத்து' என்கிறான். முகமூடிக்காரன் அரிவாளைத் துவைகல்லில் வைத்துவிட்டுச் சொம்பை எடுத்து ஊற்றுகிறான். நுரை போகும்வரை ஊற்றுகிறான். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்த வழியே போகிறான்.

"இம்புட்டுதானா?" என்று கேட்டது இன்று ஆனையூரில் டியூஷன் நடத்துகிறவர்தான். "அவன் சாகலையா? எங்க மாமா பையன் படம் பாத்தான். கடைசில செங்கச் சூளைக்குள்ள தூக்கிப் போடுவானாமே."

"அது வேற ரீலு மாப்ள" என்றார் சித்தப்பா. "நேத்து மட்டும் இந்த ரீல ஓட்டுனாங்க."

எல்லாரும் சிரித்தீர்கள். காசைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒருவன் சொன்னான். சித்தப்பாவும் சிரித்தார். நான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதினேன், அடிகுழாய்க் கம்பி, தையல் உட்பட. அந்தத் தையல் எங்கள் அம்மா போடுகிற தையல் மாதிரியே இருக்கிறது என்று அப்போது தோன்றியது. நினைத்ததை எழுதக்கூடாதாகையால் எழுதவில்லை.

திங்கட்கிழமை அப்பா நோட்டை வாங்கினார். சனிக்கிழமைப் பக்கத்தை நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு அடுத்த பக்கத்தையும் படித்தார். அதன் கீழே சிவப்பு மையில் 'சரி' என்று இருக்கிறது. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வழக்கமாக அவர் அப்படி எழுத மாட்டார். அன்றிரவே பங்குச் சாமியாரைப் பார்த்தார். அந்த வாரமே சித்தப்பாவைத் திருப்பூருக்கு, தெரிந்தவரின் பனியன் கம்பெனிக்கு, பஸ் ஏற்றிவிட்டார். அடுத்த சனிக்கிழமை என்னைப் போர்டுக்கு அழைத்துப்போய், பழைய வரிக்குக் கீழே இன்னொன்று சேர்க்கச் சொன்னார்: 'பார்ப்பவரைக் கொலைகாரனாக்கும்.' அதை எழுதியதும் நான்தான். யாரைப் பற்றிய வரி என்று பங்கு முழுவதற்கும் தெரிந்திருந்தது. சித்தப்பாவுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எட்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது தகவல் சொன்னோம். வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு எனக்கு மட்டும் போன் செய்வார்.

வெளியூருக்கு அனுப்பியதற்கு இவ்வளவு காலம் கோபமா என்று நானே அவரைக் கடிந்திருக்கிறேன்.

இன்று 1.20 முதல் 3.50 வரை அந்தப் பழைய படத்தை முழுவதும் பார்த்தேன். பெயர் போடுவதிலிருந்து வணக்கம் வரை. கடைசி ஆளைச் சூளைக்குள்தான் போடுகிறான். அடிகுழாய் இல்லை. சொம்பு இல்லை. படத்தில் எங்குமே ஒரு குழந்தை கிடையாது. இதில் இரண்டு ரீல் எல்லாம் இருக்க முடியாது என்று தெரிந்தும், கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்தேன்.

கைப்பிடி உடைந்து கம்பி செருகிய அடிகுழாய் அத்தை வீட்டுப் புறவாசலில் இருந்தது. நானே அதில் தண்ணீர் அடித்திருக்கிறேன். உள்ளங்கை சிவந்துவிடும். மஞ்சள் கவுனை அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு அம்மா தைத்து அனுப்பினார்.

சித்தப்பா அன்று நமக்குச் சொன்னது படம் இல்லை. முந்தின நாள் திருவாதவூரில் அவர் செய்ததை, செய்யாமல் வந்ததை, சொன்னார். அது அப்பாவின் கைக்கும் வந்தது. என் எழுத்தில், நேரம் போட்டு வந்தது. அவர் படித்தார், சினிமா என்று நினைத்துச் சரி போட்டார். இடைவேளைக்குப் பிறகும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்துப் போட்ட ஓர் அண்ணனால் அங்கே உட்கார முடியாது என்பதும் இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.

4.30லிருந்து வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். மாடிக்குப் போனேன், துணியை எடுக்காமல் இறங்கினேன், மறுபடி ஏறினேன். போனை மூன்று முறை எடுத்து வைத்தேன். சித்தப்பாவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. மாலை ஐந்திலிருந்து காலை ஐந்துவரை ஒரு கம்பெனி வாசலில் காவல். வேலை நேரத்தில் போனை அணைத்துவைத்திருப்பார். குழுவில் நீங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தீர்கள். இரவு சாப்பிடவில்லை.

நவம்பர் 10, திங்கள். 5.10க்கு எழுந்ததும், வாய் கொப்பளிப்பதற்கு முன், திருப்பூருக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்ன பாப்பா இம்புட்டு வெள்ளன? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

ஒன்றுமில்லை என்றேன். நேற்று அந்தப் படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"முழுசும் பாத்தியா?"

"பாத்தேன் சித்தப்பா. பிள்ளையக் குளிப்பாட்டுற சீன் அதுல இல்ல."

"தண்ணி ஊத்தி முடிச்சதும் அது கண்ணத் தொறந்து என்னயப் பாத்து மாமான்னுச்சு" என்றார். "அத மட்டும் உங்ககிட்ட சொல்லல. சொல்லிருந்தா சினிமான்னு நம்பிருக்க மாட்டீங்க."

ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? நோட்டத்தான் விரிச்சுவச்சுப் பேசுனாரே. நீ எழுதுனதுக்குக் கீழ சரின்னு போட்டிருந்தாரு. படத்தப் பாத்தவரு, படத்துல அப்பிடி ஒண்ணு இல்லன்னு அவருக்குத் தெரியாதா? நான் சும்மா திரும்பி வந்தேன்னு தெரிஞ்சேதான் பாப்பா என்னய பஸ் ஏத்திவிட்டாரு. கொலகாரன்னு போர்டுலயும் எழுதுனாரு."

"அப்பா படம் பாக்கல சித்தப்பா. இடைவேளையிலயே எந்திரிச்சு வந்துட்டாரு. நாலேகாலுக்கு வீட்ல இருந்தாரு."

லாரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"யாரு சொன்னா?"

"நோட்டுல இருக்கு."

"படி."

விளக்கைப் போட்டு, பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். 'சனி. அப்பா மேட்னிக்குப் போனார். 4.15க்குத் திரும்பினார். தலைவலி. கால் கழுவாமல் படுத்தார்.'

"இன்னொரு வாட்டி படி" என்றார்.

படித்தேன்.